ஒரு நட்டு, இரண்டு பல்

அத்தியாயம் ஒன்பது

கல்யாணமாகி வந்த புதிதில் அவளுக்கு 'ரேடியோ' என்று பட்டப்பெயர் வைத்தது நாத்தனார்தான். ரயில் நிலையத்தில் அறிவிப்பாளராக இருக்கிற பெண்ணுக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள்? அது வீட்டோடு நிற்காமல் தெருவுக்கும் பரவியது. புதிதாக வரும் தபால்காரர்கூட, "ரேடியோம்மா வீடு இதுதானே?" என்று கேட்டுத்தான் மணி அடிப்பார்.

சைக்கிளிலிருந்து விழுந்து முன்பல் இரண்டு போனதிலிருந்து வீட்டில் யாரும் அந்தப் பெயரைச் சொல்வதில்லை. கூடிப் பேசி நிறுத்தவில்லை. தானாக நின்றுவிட்டது.

அன்று காலை ரேடியோ கண்ணாடி முன் நின்று, கழற்றி மாட்டும் பல்லை மேலண்ணத்தில் வைத்துக் கட்டை விரலால் அழுத்தினாள். சும்மா சிரித்தால் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. பேசினால்தான் வம்பு. நாக்கு போய் முட்டுகிற இடத்தில் பிளாஸ்டிக் ஆடும். 'த' வர வேண்டிய இடத்தில் வெறும் காற்று வரும். 'ச' என்றால் விசில்.

ரயில் நிலையத்தில் 'த' இல்லாமல் பிழைக்க முடியுமா? ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி முதல் நாள் மைக் முன் உட்கார்ந்து, "தாமதத்திற்கு வருந்துகிறோம்" என்று சொன்னாள். நடைமேடையில் கல்லூரிப் பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்களாம். நிலைய அதிகாரிதான் வந்து சொன்னார். வருத்தத்தோடுதான் சொன்னார். மறுநாளிலிருந்து அவளுக்குத் தொலைந்த பொருள் அறையில் வேலை. குடை, டிபன் பாக்ஸ், ஒற்றைக் கையுறை, யாரோ மறந்துவிட்டுப் போன சுவர்க் கடிகாரம். அவற்றோடு பேச வேண்டிய அவசியம் இல்லை.

மாதக் கடைசியில் குரல் சோதனை வைப்பதாகச் சொல்லியிருந்தார்கள். தேறினால் மறுபடி மைக். தேறாவிட்டால் குடைகளோடு காலம் தள்ள வேண்டியதுதான். பல் டாக்டர் தெளிவாகச் சொல்லிவிட்டார்: கழற்றி மாட்டுவது சரிப்படாது, எலும்பில் ஊன்றி வைக்கிற பல் வேண்டும். அதற்கு ஆகும் செலவைக் கேட்டு அவள் கணவன், சுவர் பக்கம் திரும்பிக் கொஞ்ச நேரம் நின்றான்.

அந்தச் செலவைச் சைக்கிள் டாக்டர் தர வேண்டும் என்பதுதான் இன்றைய வழக்கு.

சைக்கிள் டாக்டர் என்பது கடையின் பெயர். கடைக்காரருக்கும் அதுவே பெயர். முன் பிரேக் கம்பி அறுந்துபோன வண்டியை அவரிடம்தான் விட்டார்கள். புதுக் கம்பி போட்டுக் கொடுத்தார். மறுநாள் காலை வேலைக்குப் போகும்போது, மேம்பாலத்துச் சரிவில் ரேடியோ பிரேக்கை இழுத்தாள். கம்பி வழுக்கிக்கொண்டு கையோடு வந்துவிட்டது. கீழே நின்றிருந்த சரக்கு வேனின் பின்கதவு எங்கேயும் நகரவில்லை.

"அண்ணி, கிளம்பிட்டீங்களா?" என்று கேட்டுக்கொண்டே நாத்தனார் உள்ளே வந்தாள்.

அவள் வக்கீல் ஆபீஸில் டைப்பிஸ்ட். வக்கீலுக்கு மறந்துபோன சட்டமெல்லாம் இவளுக்கு விரல் நுனியில் இருக்கும் என்று அவளே சொல்லிக்கொள்வாள். அதனால் வீட்டில் 'வக்கீலம்மா'. புகார் மனுவை எழுதியதும் அவள்தான்.

"அங்க வந்து நீங்க வாயே திறக்க வேண்டாம்," என்றாள்.

"பல்லு போனது எனக்கு."

"அதனாலதான் சொல்றேன். நீங்க பேசினா விசில் வரும். சில பேருக்குச் சிரிப்பு வந்துடும். சிரிச்சுட்டாங்கன்னா அப்புறம் பாவம்னு தோணாது. நீங்க பேசாம உட்கார்ந்திருங்க, மிச்சத்தை நான் பார்த்துக்கறேன்."

கொஞ்ச நாளாகவே அவள் பேச்சைக் குறைத்துக்கொண்டிருந்தாள். பேசினாலும் வார்த்தை பொறுக்கித்தான் பேசுவாள். "தண்ணி தாங்க" என்று கேட்பதற்குப் பதில் "குடிக்கக் கொடுங்க" என்பாள். அதில் 'த' இல்லை.

கணவன் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு நின்றான். மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவன். அதிகம் பேசாத ஆள். அன்றைக்கு அதிலும் பாதிதான் பேசினான்.

"இதை நாமளே கடையில போய்ப் பேசி முடிச்சிருக்கலாம்," என்றான்.

"நேத்து நீங்க போய்ப் பேசினீங்களாமே. என்ன ஆச்சு?" என்றாள் ரேடியோ.

அவன் திடுக்கிட்டுத் தங்கையைப் பார்த்தான்.

"கடைப் பக்கம் அண்ணனைப் பார்த்தேன்னு நான்தான் சொன்னேன்," என்றாள் வக்கீலம்மா. "அதுக்கென்ன இப்போ? நடங்க, நேரமாச்சு."

சமரச மையம் ஒரு பழைய அரசாங்கக் கட்டடத்தின் மாடியில் இருந்தது. நீள மேஜை. அதன் மேல் கண்ணாடி, கண்ணாடிக்கு அடியில் என்றைக்கோ செருகி மறந்த காலண்டர்ப் படங்கள். மின்விசிறி சுற்றியதில் காற்றைவிடச் சத்தம்தான் அதிகம். சமரச அதிகாரி நடுத்தர வயதுப் பெண். ஜலதோஷம் பிடித்திருந்தது. கைக்குட்டையை மடியில் வைத்துக்கொண்டு, யாரிடம் பேசினாலும் ஒரே மாதிரி பேசினார்.

சைக்கிள் டாக்டர் முன்பே வந்து உட்கார்ந்திருந்தார். பெட்டியிலிருந்து அப்போதுதான் எடுத்த சட்டை, மடிப்பு கலையவில்லை. தலைக்குப் போட்ட சாயம் காது ஓரத்தில் கொஞ்சம் தீற்றியிருந்தது. இவர்களைப் பார்த்ததும் பாதி எழுந்து, எழுவதா வேண்டாமா என்று புரியாமல் மறுபடி உட்கார்ந்தார்.

அதிகாரி மனுவைப் புரட்டினார். "முன் பிரேக் கம்பி மாத்தினது நீங்கதானே?"

"நான்தாங்க மேடம்."

"கம்பியை நட்டுல சரியா இறுக்கினீங்களா?"

"என்ன மேடம் இப்படிக் கேக்கறீங்க? இந்த ஊர்ல பாதி வண்டி என் கைபட்டதுதான். இறுக்காம விடுவேனா?"

வக்கீலம்மா ஒரு போட்டோவை மேஜையில் தள்ளினாள். "இது விழுந்த அன்னிக்கே எடுத்தது மேடம். கம்பி அறுந்து போகல. நட்டுக்குள்ளருந்து உருவிக்கிட்டு வந்திருக்கு. இன்னொரு கடைக்காரரும் பார்த்துச் சொல்லியிருக்காரு."

சைக்கிள் டாக்டர் போட்டோவைக் கையில் எடுத்தார். தூரத்தில் வைத்துப் பார்த்தார், கிட்டத்தில் வைத்துப் பார்த்தார். அவர் முகத்திலிருந்த மிடுக்கு மெல்ல இறங்குவதை ரேடியோ கவனித்தாள்.

"கொஞ்சம் இளகியிருக்கலாம்," என்றார்.

"கொஞ்சமா?" என்றாள் வக்கீலம்மா.

"அவங்களும் சரிவுல கொஞ்சம் மெதுவா வந்திருக்கலாம். அந்த வண்டியில பின் பிரேக் கட்டை தேஞ்சு கிடக்கு. மாத்திடலாம்னு நான் சொன்னேன் மேடம். அப்புறம் பார்த்துக்கலாம்னாங்க. கேட்டுப் பாருங்க."

அது உண்மைதான். அப்புறம் பார்த்துக்கலாம் என்று சொன்னது ரேடியோதான். அவள் தலையை ஆட்டுவதற்குள் வக்கீலம்மா முந்திக்கொண்டாள்.

"பின் பிரேக் பத்தி இப்போ பேச்சே இல்ல. முன் பிரேக்குக்குக் கூலி வாங்கினீங்களா, இல்லையா? வாங்கின கூலிக்கு வேலை செஞ்சீங்களா, இல்லையா? அன்னிக்கு எந்த லோகத்துல இருந்தீங்க? ஊத்திக்கிட்டு உட்கார்ந்து முடுக்கினீங்களா?"

சைக்கிள் டாக்டர் சட்டென்று எழுந்துவிட்டார். நாற்காலி பின்னால் போய்ச் சுவரில் இடித்தது.

"பார்த்துப் பேசுங்கம்மா. டீயைத் தவிர வேற எதையும் தொட்டவன் இல்ல நான். போனாப் போகுதுன்னு வாயை மூடிக்கிட்டு இருந்தா ரொம்பத்தான் பேசறீங்க. அன்னிக்குச் சாயங்காலம் என்ன நடந்துச்சுன்னு உங்களுக்கு..."

அங்கேயே நிறுத்திக்கொண்டார். அவர் பார்வை ரேடியோவின் கணவன் பக்கம் போய்விட்டு வந்தது. கணவன் மேஜைக் கண்ணாடிக்கு அடியிலிருந்த ஏதோ ஒரு அருவிப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"விடுங்க," என்று சைக்கிள் டாக்டர் உட்கார்ந்தார். "எது வேணும்னாலும் கேளுங்க. பதில் சொல்றேன்."

அதிகாரி மூக்கைத் துடைத்துக்கொண்டார். "வழக்கமா கேக்கற கேள்விதான். கடையிலருந்து வண்டி வெளிய வந்ததுக்கும் இவங்க விழுந்ததுக்கும் நடுவுல வேற யாராவது ஓட்டினாங்களா?"

"இல்லை மேடம்," என்றாள் வக்கீலம்மா. "கடையிலருந்து வண்டியை அண்ணன் தள்ளிக்கிட்டே வந்தாரு. மறுநாள் காலையில அண்ணிதான் முதல்ல ஏறினாங்க."

தள்ளிக்கொண்டே வந்தாரா? கடையிலிருந்து வீடு என்ன பக்கமா? நல்ல வண்டியை யாராவது அவ்வளவு தூரம் தள்ளிக்கொண்டு வருவார்களா?

ரேடியோ நிமிர்ந்து உட்கார்ந்தாள். எத்தனையோ வருஷமாக வாசித்துச் சொல்வதுதான் அவள் பிழைப்பு. நினைத்துச் சொல்கிற வாக்கியத்துக்கும் எழுதி வைத்து ஒப்பிக்கிற வாக்கியத்துக்கும் வித்தியாசம் அவளுக்குத் தெரியாதா? கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிட்டது. மூச்சு விட இடமில்லாமல், ஏற்ற இறக்கம் இல்லாமல் வந்தது. இது ஒப்பித்தது.

சும்மா இருந்தால் காரியம் முடிந்துவிடும் என்பதும் அவளுக்குப் புரிந்தது. சைக்கிள் டாக்டர் போட்டோவைப் பார்த்ததிலிருந்தே பாதி இறங்கி வந்துவிட்டார். இன்னும் கொஞ்ச நேரம் பாவமாக உட்கார்ந்திருந்தால் போதும், பல் வந்துவிடும். பல் வந்தால் மைக் வந்துவிடும்.

கணவனைப் பார்த்தாள். அவன் இன்னும் அருவியிலேயே இருந்தான்.

"டாக்டரே," என்றாள். "அன்னிக்குச் சாயங்காலம்னு ஏதோ சொல்ல வந்தீங்களே. என்ன அது?"

விசில் நன்றாகவே வந்தது. யாரும் சிரிக்கவில்லை. மேஜைக்கு அடியில் வக்கீலம்மா அவள் காலை மிதித்தாள். வலித்தது. ரேடியோ காலை எடுத்துக்கொண்டாள், கேள்வியை எடுத்துக்கொள்ளவில்லை.

சைக்கிள் டாக்டர் தலையைச் சொறிந்தார். "அது என் வாயால வேண்டாம்மா. சார் பக்கத்துலதானே இருக்காரு."

கணவன் அருவிப் படத்திலிருந்து கண்ணை எடுத்தான்.

"நான் ஓட்டினேன்," என்றான் கணவன்.

"அண்ணா!" என்றாள் வக்கீலம்மா.

"விடு. எவ்வளவு நேரம்தான் இப்படியே உட்கார்ந்திருக்கறது?" அவன் அதிகாரியிடம் திரும்பினான். "கடையிலருந்து வண்டியை எடுத்துக்கிட்டு ஒரு வேலையா வெளிய போனேன் மேடம். திரும்பி வரும்போது பிரேக் தொளதொளன்னு இருந்துச்சு. கடையை மூடற நேரம். இவர்கிட்ட காட்டினேன். வண்டியை விட்டுட்டுப் போங்க, காலையில முதல் வேலையாப் பார்த்துத் தர்றேன்னாரு. காலையில அவ வேலைக்குப் போகணும், வண்டி வேணும்னு சொல்லி எடுத்துக்கிட்டு வந்துட்டேன்."

"அப்போ முன் பிரேக்கை நம்பாதீங்கன்னு சொன்னேனா, இல்லையா சார்?" என்றார் சைக்கிள் டாக்டர். "வீட்டுல சொல்லிடுங்கன்னும் சொன்னேன்."

"சொன்னாரு."

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். "மனைவிகிட்ட நீங்க சொன்னீங்களா?"

"சொல்லல."

"ஏன்?"

"மறந்துட்டேன்."

பல வருஷத்துக்கு முன்னால் தன் கடையில் கண்ணாடி வாங்கிய ஆள் தெருவில் எதிரே வந்தால், 'இடது கண்ணுக்கு இன்ன பவர்' என்று முணுமுணுத்துக்கொண்டு போகிறவன் அவன். அவனாவது மறப்பதாவது.

"நீங்க ஏன் இதை முதல்லயே சொல்லல?" என்று அதிகாரி சைக்கிள் டாக்டரைக் கேட்டார். "உங்களுக்குச் சாதகமான விஷயம்தானே?"

"நேத்து கடைக்கு வந்து, சொல்லாதீங்கன்னு கெஞ்சிக் கேட்டுக்கிட்டாருங்க. புருஷன் பொண்டாட்டி விவகாரம், நமக்கு எதுக்கு வம்புன்னு சரின்னுட்டேன். என்னைக் குடிகாரன்னு சொல்லுவாங்கன்னு தெரிஞ்சிருந்தா சரின்னிருக்க மாட்டேன்." ரேடியோவைப் பார்த்துச் சொன்னார்: "அதுக்காக நான் யோக்கியன்னு சொல்லலம்மா. அந்த நட்டை நான் ஒழுங்கா முடுக்கல. யாரோ போன் பண்ணாங்க, பேசிக்கிட்டே முடுக்கினேன். போட்டோவைப் பார்த்ததும் ஞாபகம் வந்துடுச்சு."

விழுந்ததிலிருந்து ரேடியோ கேட்க நினைத்த வாக்கியம் இது. எத்தனையோ தடவை மனசுக்குள் அவரை இப்படிச் சொல்ல வைத்திருக்கிறாள். அப்போதெல்லாம் பெரிதாக ஏதோ நடக்கும் என்று நினைத்தாள். இப்போது அவர் சொல்லியே விட்டார். ஒன்றும் நடக்கவில்லை. 'சரி' என்று தலையாட்டத்தான் தோன்றியது.

பிறகு பேச்சு சுருக்கமாக முடிந்தது. நட்டை முடுக்காதது கடைக்காரர் தவறு. தெரிந்தும் வண்டியை வீட்டுக்குக் கொண்டுவந்து, சொல்லாமல் விட்டது இவர்கள் பக்கத்துத் தவறு. ஆகவே பல்லுக்கு ஆகிற செலவில் பாதியைச் சைக்கிள் டாக்டர் நேராகப் பல் டாக்டரிடம் கட்டிவிட வேண்டும். அவர் தவணை கேட்டார். கொடுத்தார்கள்.

"பின் பிரேக்கை நான் சும்மாவே போட்டுத் தந்துடறேம்மா," என்றார் அவர், கையெழுத்துப் போட்டுவிட்டு.

"வேண்டாம். அந்த வண்டியில நான் இனிமே ஏறப் போறதில்ல," என்றாள் ரேடியோ.

"மீதிப் பாதி?" என்று கேட்டாள் வக்கீலம்மா. தோற்றுப்போன வக்கீல் மாதிரிதான் இருந்தது குரல்.

அதிகாரி கைக்குட்டையை மடித்துப் பைக்குள் வைத்தார். "அதை உங்க வீட்டுக்குள்ள பேசிக்கங்க. அதுக்கு இங்க பிரிவு கிடையாது."

கீழே, கட்டடத்தின் பின்பக்கம் ஒரு கேன்டீன் இருந்தது. தகரக் கூரை, காலாடும் மேஜைகள். கணவன் போய் மூன்று டீ வாங்கி வந்து வைத்தான். யாரும் தொடவில்லை.

வக்கீலம்மாதான் ஆரம்பித்தாள். "முழுசா வர வேண்டியது அண்ணி. முழுசா! அந்த ஆள் ஒத்துக்கப் போற நேரத்துல வாயைத் திறந்து கெடுத்துட்டீங்களே. என்ன பிரயோஜனம் இப்போ?"

"இவர் ஓட்டினாருன்னு உனக்கு முன்னாடியே தெரியுமா?"

வக்கீலம்மா கண்ணாடித் தம்ளரைச் சுற்றினாள். "தெரியும். மனு எழுதும்போது அண்ணன் சொன்னாரு. அதை எழுதினா பாதிதான் கிடைக்கும்னு எனக்குத் தெரியாதா? அதான் விட்டுட்டேன். எனக்காகவா செஞ்சேன்? உங்க பல்லுக்காகத்தானே!"

"எங்க போனாருன்னும் தெரியுமா?"

"கேட்டேன். சொல்லல."

ரேடியோ கணவன் பக்கம் திரும்பினாள். "எங்க போனீங்க?"

அவன் இரண்டு கைகளையும் மேஜை மேல் வைத்தான். லென்ஸ் தூள் படிந்து விரல் ரேகைகளெல்லாம் வெளுத்த கைகள்.

"அண்ணன் வீட்டுக்கு."

வக்கீலம்மா, "ஐயோ," என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள்.

கணவனின் அண்ணன், அந்த வீட்டு மூத்தவர், இவர்கள் வீட்டுக்கு வராமல் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. சண்டை சொத்துக்காக இல்லை. மூத்தவர் வேலை பார்க்கிற கம்பெனி, ரயில் நிலையங்களுக்கு அறிவிப்பு மெஷின் விற்கிற கம்பெனி. ஆள் வேண்டாம், மைக் வேண்டாம், எழுத்தைக் கொடுத்தால் மெஷினே பேசும். பக்கத்து நிலையங்களில் மெஷின் வந்து, அங்கே இருந்த பெண்கள் டிக்கெட் கவுன்டருக்கும் வேறு வேலைகளுக்கும் போய்விட்டார்கள். ஒரு நாள் மூத்தவர் இவர்கள் வீட்டில் சாப்பிட்டு முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டே, "அடுத்தது உங்க ஸ்டேஷன்தான்மா," என்று சிரித்தார். தட்டை எடுத்துக்கொண்டிருந்த ரேடியோ, தட்டைக் கீழே வைத்துவிட்டு, "இனிமே இந்த வீட்டுப் படி ஏறாதீங்க," என்றாள். அவர் ஏறவில்லை.

"அவர் வீட்டுக்கு எதுக்கு?" என்றாள் ரேடியோ.

"மெஷின் எப்படியும் வரப்போகுது. உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். யாரோ ஒருத்தர் குரலை வெச்சுத்தான் அது பேசும்னு அண்ணன் ஒரு தடவை சொல்லியிருந்தாரு. கொஞ்ச நேரம் பேசினது கையில இருந்தாப் போதுமாம், மிச்சத்தை அதுவே பேசிக்குமாம். அந்தக் குரல் உன்னோடதா இருந்தா என்னன்னு தோணுச்சு." அவன் கைகளை மடிக்கு இறக்கினான். "நீ காலையில பேப்பர் படிச்சுப் பழகறியே, தப்பு எங்க வருதுன்னு பார்க்கறதுக்குப் போன்ல பதிவு பண்ணி வெச்சிருக்கியே. அதை எடுத்துக்கிட்டுப் போய் அண்ணன்கிட்ட கொடுத்தேன்."

"என்னைக் கேக்காம."

"கேட்டா விட்டிருப்பியா?"

விட்டிருக்க மாட்டாள்.

"பிரேக் பத்திச் சொன்னா, வண்டியில எங்க போனீங்கன்னு நீ கேப்ப. அதான் காலையில உனக்கு முன்னாடி எழுந்து கடைக்குக் கொண்டுபோயிடலாம்னு நெனச்சேன். தூங்கிட்டேன். நீ கிளம்பிப் போயிட்ட."

எவ்வளவு சின்ன விஷயம். தூங்கிவிட்டான். அவ்வளவுதான்.

"நல்ல எண்ணத்துலதானே அண்ணி செஞ்சிருக்காரு," என்றாள் வக்கீலம்மா. சற்று முன்னால்வரை இருந்த கோபம் அவளிடம் காணவில்லை.

ரேடியோவுக்குத் தன் மனசே பிடிபடவில்லை. கோபம் வந்தது, அதில் சந்தேகமில்லை. ஆனால் எங்கோ ஒரு ஓரத்தில், பேசாத இந்த மனுஷன் அவள் குரலைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஊர் தாண்டிப் போய், 'கேட்டுப் பாருங்க' என்று யாரிடமோ நீட்டினான் என்பது பிடித்தும் இருந்தது. அதை இந்த நேரத்தில் ஒப்புக்கொள்வதாக இல்லை.

"அப்புறம் என்ன ஆச்சு?" என்றாள்.

"ஒண்ணும் ஆகல. கேட்டுட்டு யோசிக்கிறேன்னாரு. மறுநாள் நீ விழுந்துட்ட. அதுக்கப்புறம் நான் எங்க அந்தப் பேச்சை எடுக்க? அண்ணனோட பேசக்கூட இல்ல."

ரேடியோ டீயை ஒரு வாய் குடித்தாள். ஆறியிருந்தது. வக்கீலம்மாவிடம் கையை நீட்டினாள்.

"உன் போனைக் கொடு. உங்க பெரிய அண்ணன் நம்பர் அதுல இருக்கும்."

"இப்பவா? என்னன்னு பேசப் போறீங்க?"

"கொடுத்ததைக் கொடுங்கன்னு கேக்கப் போறேன். நான் பேசினது என்கிட்டதானே இருக்கணும்?"

கணவன், "வீட்டுக்குப் போய்ப் பேசிக்கலாமே," என்றான். அதற்குள் மணி போய்க்கொண்டிருந்தது.

"ஹலோ," என்றார் மூத்தவர். பின்னால் ஏதோ ஆபீஸ் சத்தம்.

"நான்தான் பேசறேன்."

"யாருங்க?"

"நான்தான்."

"நம்பர் தங்கச்சியோடது. ஆனா நீங்க யாருன்னு தெரியலையேங்க."

இத்தனை வருஷப் பழக்கத்தில் அவள் 'ஹலோ' சொன்னாலே, "வண்டி எத்தனாவது நடைமேடைம்மா?" என்று கிண்டலடிக்கிறவர் அவர். ரேடியோ போனை மற்ற காதுக்கு மாற்றினாள்.

"உங்க தம்பி பொண்டாட்டி," என்றாள்.

"அடடா! நீயாம்மா?" அவர் குரலில் நிஜமான பதற்றம் இருந்தது. "தப்பா நெனச்சுக்காதே, குரல் அடையாளம் தெரியலை. உடம்பு இப்போ எப்படி இருக்கு? வந்து பார்க்கணும்னுதான் நெனச்சேன். நீதான் வரக்கூடாதுன்னுட்ட."

"உடம்பு பரவாயில்ல. நான் பேப்பர் படிச்சதை இவர் உங்ககிட்ட கொடுத்தாராமே. அது எனக்குத் திரும்ப வேணும்."

"திரும்பவா?" மூத்தவர் குழம்பிப்போனார். "அது எப்படிம்மா முடியும்? எல்லாரும் கேட்டு, பிடிச்சுப்போய், மெஷின்ல ஏத்தியும் ஆச்சே. உங்க ஸ்டேஷனுக்கே அதுதான், அங்க இன்னும் யார்கிட்டயும் சொல்லியிருக்க மாட்டாங்க. அடுத்த மாசத்துலருந்து நடைமேடையில பேசப்போறது நீதான்."

ரேடியோ கணவனைப் பார்த்தாள். அவனுக்கு எதிர்முனைப் பேச்சு கேட்கவில்லை. டீத் தம்ளரின் விளிம்பைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"நான் எப்போ சரின்னு சொன்னேன்?" என்றாள்.

"நீ சொன்னதாத்தானே அவன் சொன்னான்? முதல்ல நான்கூட யோசிச்சேன். நீ விழுந்து ஆஸ்பத்திரியில இருக்கும்போதே மறுபடி வந்தானே. அவளுக்குச் சம்மதம், இனிமே யோசிக்காதீங்க, சீக்கிரம் முடிங்கன்னு நின்னான். ஏன்மா, உனக்கு ஒண்ணும் தெரியாதா?"

ரேடியோ போனைக் காதிலிருந்து எடுத்தாள். ஸ்பீக்கர் பொத்தானை அழுத்தி, மேஜை நடுவில், மூன்று தம்ளர்களுக்கும் மத்தியில் வைத்தாள்.

"இவர் இங்கதான் இருக்காரு," என்றாள். "இப்போ சொன்னதை இன்னொரு வாட்டி சொல்லுங்க."

கணவனின் கை தம்ளரின் மேல் அப்படியே நின்றது.

"யாரு, தம்பியா?" என்றது போன். கேன்டீன் முழுக்கக் கேட்கிற மாதிரி தெளிவாக இருந்தது. "டேய், நீ இன்னும் வீட்டுல சொல்லவே இல்லையா?"